பழுப்பு அடித்தால் மரம் ஆகிவிடுமா? மினியேச்சர்களில் மரத்தைத் தீட்டுவது பற்றி

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுகளுக்கான மினியேச்சர் உருவங்களுக்கு வண்ணம் தீட்ட ஆரம்பிக்கும் எவருக்கும் முதல் வாரத்திலேயே ஓர் அறிவுரை கிடைத்துவிடும். "மரமா? அதுதான் இருப்பதிலேயே சுலபம். பழுப்பு அடி, மேலே வாஷ் ஊற்று, காய்ந்ததும் ட்ரை பிரஷ் இழு. முடிந்தது." சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் கையில் இருந்த உருவத்தில் அது பலித்திருக்கும். அதையே நீங்கள் ஒரு வழவழப்பான கேடயத்தில் செய்து பார்த்தால் கிடைப்பது மரம் அல்ல, அழுக்குப் படிந்த பழுப்பு நிற பிளாஸ்டிக்.

நான் முதலில் தீட்டிய கோட்டைக் கதவை இன்னும் வைத்திருக்கிறேன். பலகைகள் மேலும் கீழுமாக நிற்கின்றன. அவற்றைப் பிணைக்கும் சட்டங்கள் குறுக்கே போகின்றன. நானோ எல்லாவற்றின் மீதும் மேலிருந்து கீழாகவே கோடு இழுத்திருந்தேன். பார்த்த நண்பன் கேட்டான்: "இது என்னடா, ஒரே கட்டையில் குடைந்த கதவா?" நிறத்தில் ஒரு குறையும் இல்லை. வாஷ், ட்ரை பிரஷ் எல்லாம் முறைப்படிதான் நடந்திருந்தன. ஆனாலும் அது மரமாகத் தெரியவில்லை. ஏன் என்று எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது.

மரம் என்பது ஒரு நிறம் என்று நினைத்துக்கொண்டிருந்ததுதான் என் தவறு. கண் முதலில் பார்ப்பது நிறத்தை அல்ல, கோடுகள் ஓடும் திசையை. நிறம் அப்புறம்தான். அந்த நிறமும் பெரும்பாலும் நாம் நினைக்கும் பழுப்பாக இருப்பதில்லை.

## வாஷும் ட்ரை பிரஷும் உண்மையில் என்ன செய்கின்றன

மண் தரையில் மழை பெய்தால் தண்ணீர் மேட்டில் நிற்பதில்லை, வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. வாஷ் என்பது அந்த மழைதான். மிகவும் நீர்த்த அடர்நிற வண்ணத்தை உருவத்தின் மேல் பூசினால் அது மேடுகளை விட்டு இறங்கிப் பள்ளங்களில் காய்ந்து நிழல்போல் தெரியும்.

ட்ரை பிரஷ் இதற்கு நேர் எதிர். நாணயத்தின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் நாணயத்தின் மேடுகள் மட்டும் காகிதத்தில் பதியும். பிரஷில் வண்ணத்தைத் தோய்த்து, ஏறக்குறைய முழுவதையும் துணியில் துடைத்துவிட்டு, ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சத்தை உருவத்தின் மேல் லேசாக உரசினால் அதேதான் நடக்கிறது. மேடுகளில் மட்டும் வெளிர்நிறம் ஏறும்.

இரண்டும் ஏற்கெனவே இருக்கும் மேடுபள்ளத்தைக் காட்டிக் கொடுக்கின்றன, அவ்வளவுதான். இல்லாததை உண்டாக்க அவற்றால் முடியாது. உருவத்தை வடித்தவர் பலகையில் மரத்தின் வரிகளை ஆழமாகச் செதுக்கியிருந்தால், அந்த மூன்று வரி அறிவுரை அற்புதமாக வேலை செய்யும். பாதி வேலையை அவர் செய்துவிட்டார். ஈட்டிக் கம்பு, வில், வழவழப்பான கேடயம் ஆகியவற்றில் அப்படி எதுவும் செதுக்கப்பட்டிருக்காது. அங்கே வாஷ் ஊற்றினால் திட்டுத் திட்டாகக் காயும். ட்ரை பிரஷ் இழுத்தால் தூசி படிந்ததுபோல் ஆகும்.

முப்பரிமாண அச்சில் எடுத்த உருவங்களில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அச்சு இயந்திரம் அடுக்கடுக்காகப் பொருளை வைத்துக் கட்டுவதால் மெல்லிய வரிகள் தங்கிவிடும். ட்ரை பிரஷ் அவற்றையும் தயங்காமல் வெளிக்காட்டும். அந்த வரிகள் பலகையின் நீளவாக்கில் விழுந்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். குறுக்கே விழுந்திருந்தால் மரம் என்று யாரையும் நம்பவைக்க முடியாது.

சுருக்கமாக: செதுக்கிய வரி இருந்தால் வாஷும் ட்ரை பிரஷும் போதும். இல்லாவிட்டால் வரியை நாம்தான் வரைய வேண்டும். வரைய வேண்டுமானால் அந்த வரி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

## கவிழ்த்து அடுக்கிய கூம்புகள்

மரப்பலகையில் தெரியும் அந்த வரிகளைத்தான் இனி ரேகை என்று சொல்லப் போகிறேன்.

ஒரு காகிதக் கூம்பைக் கவிழ்த்து வையுங்கள். அதன்மேல் சற்றே பெரிய இன்னொரு கூம்பு, அதன்மேல் இன்னொன்று. மரம் வளர்வது ஏறக்குறைய இப்படித்தான். ஒவ்வோர் ஆண்டும் பட்டைக்கு உள்பக்கமாக, தண்டு முழுவதையும் போர்த்துகிற மாதிரி ஒரு புதிய அடுக்கு சேர்கிறது. கூடவே மரம் உயரமும் ஆகிறது. அடிமரம் பருத்தும் நுனி சிறுத்தும் இருப்பதால், அடுக்குகள் குழாய்போல் இல்லாமல் நீண்ட கூம்புகளாக அமைகின்றன.

ஒரு வருடத்து அடுக்குக்குள்ளேயே இரண்டு பகுதிகள் உண்டு. வளரும் பருவம் தொடங்கியதும் மரம் வேகமாக, தளர்வாக வளர்கிறது. அந்தப் பகுதி வெளிறி, மென்மையாக, அகலமாக இருக்கும். பருவம் முடியும்போது வளர்ச்சி மெதுவாகி மரம் இறுகுகிறது. அந்தப் பகுதி கருத்து, கடினமாக, குறுகலாக இருக்கும். வெளிறியது, கருத்தது, மறுபடி வெளிறியது, கருத்தது. ரேகை என்பது இந்த மாற்றம்தான். செழிப்பான வருடத்தில் இடைவெளி அகலும், வறண்ட வருடத்தில் சுருங்கும். ஆகவே ஒரே சீரான இடைவெளியில் கோடு போட்டால் அது மரமாகத் தெரியாது, கோடு போட்ட நோட்டுப் புத்தகமாகத்தான் தெரியும். ஆரம்பநிலைக்காரர்கள் எல்லாருடைய கையும் இந்தச் சீரான இடைவெளியைத்தான் தானாகத் தேடிப் போகும். வேண்டுமென்றே அதைக் கலைக்க வேண்டியிருக்கிறது.

## ஒரே கட்டை, மூன்று முகங்கள்

அந்தக் கூம்பு அடுக்கைக் கத்தியால் வெட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

குறுக்கே வெட்டினால் வட்டத்துக்குள் வட்டம் தெரியும். இது பலகையின் வெட்டுமுனை. உத்திரத்தின் நுனியிலும், அடிமரத்தின் வெட்டிய மேற்பரப்பிலும் பார்ப்பது இதைத்தான்.

நடுவோடு நெடுக்காக, மையத்தைத் தொட்டுக்கொண்டு வெட்டினால் ஏறக்குறைய இணையான நேர்க்கோடுகள் தெரியும். மையத்தைத் தொடாமல் ஓரமாக நெடுக்கே சீவினால் என்ன ஆகும்? கத்தி ஒவ்வொரு கூம்பையும் சாய்வாகச் சந்திக்கிறது. அப்போது ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய நீண்ட வளைவுகள் தெரியும். மெழுகுவத்தியின் சுடரைப் பல அளவில் வரைந்து ஒன்றுக்குள் ஒன்று வைத்ததுபோல் இருக்கும். மேசைகளிலும் கதவுகளிலும் எல்லாருக்கும் பழகிய வடிவம் இது. "மரம்போல ஒரு படம் வரை" என்றால் குழந்தைகூட இதைத்தான் வரையும்.

மினியேச்சரில் எதை வரைவது? பத்துப் பலகை இருந்தால் ஏழெட்டில் நேர்க்கோடு, இரண்டில் சுடர் வடிவம். இது மரவியல் சொன்ன விகிதம் அல்ல, என் கண் சொன்னது. எல்லாப் பலகையிலும் சுடர் வரைந்தால் பார்ப்பவர் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும்.

கணு என்பது கிளை புறப்பட்ட இடம். ஆற்றில் நடுவே ஒரு பாறை இருந்தால் நீரோட்டம் அதை மோதி நிற்பதில்லை. இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் சேர்கிறது. ரேகையும் கணுவை அப்படித்தான் கடக்கும். கருப்பாக ஒரு புள்ளி வைத்துவிட்டு, கோடுகளை அதன் குறுக்கே நேராக இழுத்தால் அது கணு அல்ல, பலகையில் விழுந்த மைத்துளி. ஒரு கேடயத்துக்கு ஒரு கணு போதும். ஆசைப்பட்டு மூன்று வைத்தால் கேடயம் திரும்பி உங்களையே முறைத்துப் பார்க்கும்.

இதுவரை பார்த்ததிலிருந்து கைக்கு வரும் விதிகள் மூன்று. ரேகைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளாது. இடைவெளி சீராக இருக்காது. வழியில் தடை வந்தால் வளைந்து சுற்றும்.

## ஒவ்வொரு துண்டுக்கும் அதன் திசை

என் கோட்டைக் கதவின் குற்றம் இதில்தான் இருந்தது. தச்சர் மரத்தை அறுக்கும்போது ரேகை துண்டின் நீளவாக்கில் ஓடும்படிதான் பார்த்துக்கொள்வார். நீளவாக்கில் மரத்துக்கு வலிமை அதிகம். குறுக்கு ரேகையுள்ள மெல்லிய சட்டம் சட்டென்று முறிந்துவிடும். ஆகவே நிற்கும் பலகையில் ரேகை நிற்கும், கிடக்கும் சட்டத்தில் கிடக்கும், சாய்ந்த முட்டுக்கட்டையில் சாயும். பிரஷை எடுக்குமுன் உருவத்தை ஒரு நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எத்தனை துண்டு? ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் நீளம்?" என்று கேட்டுக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பீப்பாயில் நெடுக நிற்கும் பட்டைப் பலகைகள் ஒவ்வொன்றிலும் ரேகை மேலும் கீழுமாகத்தான். அதன் மூடியில் ஒரே திசையில் கிடக்கும் நேர்க்கோடுகள். மூடி வட்டமாக இருக்கிறதே என்று அதில் வளையம் வளையமாக வரைபவர்கள் நிறைய. அது பீப்பாய் மூடியை அடிமரமாக மாற்றிவிடும். வண்டிச் சக்கரத்தில் ஆரக்கால் ஒவ்வொன்றும் தன் நீளத்தில் ரேகை கொண்டது. சக்கரத்தின் வெளிவட்டமான வட்டை வளைந்த துண்டுகளைச் சேர்த்துச் செய்தது என்பதால் துண்டுக்குத் துண்டு திசை கொஞ்சம் மாறும்.

வில்லில் ஓர் அழகான விவரம் இருக்கிறது. 1545இல் மூழ்கி 1982இல் கடலடியிலிருந்து தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் யூ என்ற ஊசியிலை மரத்தில் செய்த நெடுவில்கள் கிடைத்தன. இவ்வகை வில்லில் வில்லாளியின் பக்கம் இருக்கும் பகுதி செம்பழுப்பான உள்மரம். தச்சர்கள் வைரம் என்பார்களே, அதுதான். எதிரியைப் பார்க்கும் பக்கத்தில் வெளிறிய மஞ்சளான வெளிமரத்தின் மெல்லிய அடுக்கு. வைரம் அழுத்தத்தைத் தாங்கும், வெளிமரம் இழுவையைத் தாங்கும். மினியேச்சரில் வில்லின் அகலம் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். அதில் ரேகை வரைய முயலாதீர்கள். உள்பக்கம் ஒரு நிறம், வெளிப்பக்கம் ஒரு நிறம் தீட்டினால் போதும், அது யூ மரமாகிவிடும்.

## மரம் பழுப்பு என்று யார் சொன்னது?

வெயிலில் கிடந்த செய்தித்தாள் மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். காகிதம் மரக்கூழில் செய்தது. கூழில் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. மரத்தின் நீண்ட இழைகள் செல்லுலோஸ். அவற்றை ஒட்டி இறுக்கிப் பிடிக்கும் பசைதான் லிக்னின். மரத்தின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு அது. வெயிலின் புற ஊதாக் கதிர் படும்போது லிக்னின் சிதைந்து நிறம் மாறுகிறது. காகிதத்தில் நடக்கும் அதே வேலை வெளியில் நிற்கும் வேலியிலும் நடக்கிறது. ஒரு வித்தியாசம், வேலியின்மேல் மழையும் பெய்கிறது.

அறுத்த புதுப் பலகை வெளிர் மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். வெயிலில் சில மாதங்கள் நின்றால் லிக்னின் சிதைந்து முதலில் பழுப்பேறும். பிறகு சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போகும். மேலே எஞ்சுவது செல்லுலோஸ் இழைகள். அவற்றுக்கு நிறமே இல்லை, ஆகவே வெள்ளி கலந்த சாம்பலாகத் தெரியும். ஈரத்தில் வளரும் கரும்பூஞ்சையும் சேர்ந்தால் சாம்பல் இன்னும் அடரும். வெளியில் பல ஆண்டுகள் நின்ற, வண்ணம் பூசாத மரம் பெரும்பாலும் பழுப்பாக இருப்பதில்லை. நாம் "மரநிறம்" என்று சொல்லும் அந்தச் செறிவான பழுப்பு, எண்ணெயோ மெருகோ பூசி வீட்டுக்குள் வைத்த மரச்சாமான்களின் நிறம்.

ஆகவே வண்ணத்தைத் தேர்ந்தெடுக்குமுன் கேட்க வேண்டியது "என்ன பழுப்பு?" என்பதல்ல, "இந்த மரம் எங்கே இருந்தது, எவ்வளவு காலம்?" என்பது. நேற்று செதுக்கிய ஈட்டிக் கம்பு வெளிர் மஞ்சள். பல கைகள் பிடித்த கோடரிக் காம்பு எண்ணெய் ஊறிய செம்பழுப்பு. பாழடைந்த பண்ணை வேலி சாம்பல். ஒரே படையில் இந்த மூன்றும் இருந்தால் பார்ப்பவருக்கு ஏதோ ஒரு கதை புலப்படும், என்னவென்று அவரால் சொல்ல முடியாவிட்டாலும்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. புற ஊதாக் கதிர் மரத்துக்குள் ஆழமாகப் போவதில்லை. சாம்பல் நிறம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மேல்தோல்தான். அதைச் சுரண்டினால் உள்ளே மரம் இன்னும் மஞ்சள் கலந்த பழுப்பாகவே இருக்கும். ஆகவே சாம்பல் நிறக் கதவில் வாள்வெட்டு விழுந்திருந்தால் வெட்டுக்குள் மஞ்சள் பழுப்பைத் தீட்டுங்கள். பலர் வெட்டுக்குள் வெறும் கருப்பைத் தீட்டுவார்கள். கருப்பு பழைய விரிசல், மஞ்சள் பழுப்பு இன்று காலை விழுந்த வெட்டு.

வெயிலும் மழையும் இன்னொன்றும் செய்கின்றன. முன்பு சொன்ன மென்மையான வெளிர்ப் பகுதி சீக்கிரம் தேய்கிறது, கடினமான கரும்பகுதி எழும்பி நிற்கிறது. பழைய மரத்தைத் தடவினால் வரிவரியாகக் கையில் உறுத்துவது இதனால்தான். மினியேச்சரை வடிப்பவர்கள் பலகையில் செதுக்கும் பள்ளங்கள் இந்தத் தேய்மானத்தின் பெரிதாக்கிய வடிவம். ஆகவே ஆழமாகச் செதுக்கிய பலகைக்குப் பளபளக்கும் புதுமரத்தின் நிறம் பூசினால் ஏதோ பொருந்தாமல் தெரியும். வடிவம் கிழவன், நிறம் குழந்தை.

## சின்ன உருவத்தில் கோடு எவ்வளவு மெல்லியது?

28 மில்லிமீட்டர் உயர உருவம் 170 சென்டிமீட்டர் மனிதனைக் குறிக்கிறது என்றால், எல்லாம் ஏறத்தாழ 60 மடங்கு சுருங்கியிருக்கிறது. 20 சென்டிமீட்டர் அகலப் பலகை 3 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். உண்மை மரத்தில் 2 மில்லிமீட்டர் அகலமுள்ள ஓர் ஆண்டு அடுக்கு இங்கே 0.03 மில்லிமீட்டர் ஆகிவிடும். அது தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பாதி. அவ்வளவு மெல்லிய கோட்டை எந்தக் கையும் இழுக்காது, இழுத்தாலும் எந்தக் கண்ணும் பார்க்காது.

நாம் செய்வது நகல் எடுப்பதல்ல, ஜாடை காட்டுவது. ஒரு பலகைக்கு நான்கைந்து கோடு போதும். இருபது போட்டால் அவை கலங்கி ஒரே நிறமாகிவிடும். கோடுகள் உண்மையைவிடத் தடித்திருப்பதால் அவற்றின் நிறத்தை அடிநிறத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். வெளிர்ப் பலகையில் கருங்கோடு இழுத்தால் வரிக்குதிரைதான் கிடைக்கும்.

## ஒரு பலகை, ஆரம்பம் முதல் கடைசி வரை

கொஞ்சம் வெயில் கண்ட, நடுவயது மரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் போதும்.

அடிநிறம் பழுப்பும் சாம்பலும் கலந்த ஒரு நடுநிறமாக இருக்கட்டும். மேலே வரப்போகும் கோடுகளில் சில இதைவிடக் கருப்பு, சில இதைவிட வெளிர். நடுவில் நின்றால்தான் இரண்டு பக்கமும் போக இடம் இருக்கும். ஆரம்பத்திலேயே அடர்பழுப்பு பூசிவிட்டால் கருங்கோட்டுக்கு இடமே இல்லை.

கோட்டுக்கு முன்னால் பலகைகளை வேறுபடுத்துங்கள். பலர் தாண்டிப் போகும் படி இது, ஆனால் குறைந்த உழைப்பில் அதிகப் பலன் தருவதும் இதுதான். ஒரே மரத்தில் அறுத்தவையானாலும் பக்கத்துப் பக்கத்துப் பலகைகள் ஒரே நிறமாக இராது. அடிநிறத்தில் ஒரு சொட்டு மஞ்சள் கலந்து இரண்டு பலகைக்கு, ஒரு சொட்டு சாம்பல் கலந்து வேறு இரண்டுக்குப் பூசுங்கள். வரிசைப்படி வேண்டாம், கண் போன போக்கில். இந்த நிலையில் வேலையை நிறுத்தினாலும் அது பாதி மரம்.

இப்போது கருங்கோடு. அடிநிறத்தோடு அடர்பழுப்பைக் கலந்து, பேனா மைபோல் ஓடும் அளவுக்கு நீர் சேருங்கள். இங்கே மிகச் சின்ன பிரஷ் வேண்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். வேண்டாம். மூன்று சுழி (000) எண்ணுள்ள மிகச் சின்ன பிரஷ் பிடிக்கும் வண்ணம் அவ்வளவு குறைவு, கோடு பாதி போகுமுன் நுனியிலேயே காய்ந்துவிடும். நுனி கூராக நிற்கும் 0 அல்லது 1 எண் பிரஷ் நல்லது. வயிற்றில் வண்ணம் இருக்கும், நுனி கோடு போடும். பலகையின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்கு இழுங்கள். கையை ரொம்பக் கட்டுப்படுத்த வேண்டாம். அழுத்தம் ஏறி இறங்கினால் கோடு தடித்து மெலியும், அதுவே அழகு. சில கோடுகள் பாதியில் நிற்கட்டும். லேசாக நடுங்கும் கைக்கு மரம் ஏற்ற பயிற்சி, நடுக்கமே ரேகையாகிவிடும்.

அடுத்து வெளிர்க்கோடு. அடிநிறத்தில் யானைத் தந்தத்தின் வெளிர்நிறத்தைக் கலந்து, சில கருங்கோடுகளை ஒட்டியே இழுங்கள். கிடக்கும் பலகையானால் கருங்கோட்டுக்குக் கீழே. காரணம் எளிது. வெளிச்சம் மேலிருந்து வருகிறது. ஒரு விரிசலின் கீழ் உதடு வானத்தைப் பார்த்திருப்பதால் அது ஒளியை வாங்கும், மேல் உதடு நிழலில் இருக்கும். வெறும் கோடாக இருந்தது இந்த ஒரு வெளிர் வரியால் பள்ளமாகத் தெரியத் தொடங்கும். வழவழப்பான கேடயத்தில் இல்லாத மேடுபள்ளத்தைக் கண்ணுக்குக் காட்டும் வித்தை முழுவதும் இவ்வளவுதான்.

இந்தக் கட்டத்தில் பலகை கொஞ்சம் கோரமாக இருக்கும். பயப்பட வேண்டாம், கிளேஸ் இருக்கிறது. நிறக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் எதிரில் இருப்பதெல்லாம் ஒரே சாயலில் சேர்ந்து தெரியும் அல்லவா? கிளேஸ் அந்தக் கண்ணாடி. ஒளி ஊடுருவும் அளவுக்கு நீர்த்த வண்ணத்தை மெல்லிய படலமாகப் பூசுவது. பார்க்க வாஷ்போல் இருந்தாலும் நோக்கம் வேறு. வாஷ் பள்ளத்தில் தேங்க வேண்டும், கிளேஸ் எங்கும் தேங்கக் கூடாது. பிரஷை ஒரு தரம் துணியில் ஒற்றிவிட்டுப் பூசினால் தேங்காது. செம்மண் சாயலுள்ள பர்ன்ட் சியன்னா மரத்துக்கு உயிர் தரும். பச்சை கலந்த பழுப்பான ரா அம்பர் மரத்தைக் கிழமாக்கும். இரண்டுமே மண்ணிலிருந்து வந்த இரும்பு ஆக்சைடு நிறங்கள்தான். அம்பரில் மாங்கனீசும் சேர்ந்திருப்பதால் கருமை அதிகம். பெயரில் பர்ன்ட் என்று இருந்தால் மண்ணைச் சுட்டு நிறத்தைச் சிவக்க வைத்தது என்று பொருள்.

கடைசியில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே மிக அடர்ந்த ஒரு மெல்லிய கோடு, பலகையின் விளிம்பில் அங்கங்கே வெளிர்நிறம். விளிம்பு முழுவதும் தொடர்ச்சியாக வேண்டாம். கை படும் இடம், கால் படும் இடம், மோதும் மூலை, இவை போதும்.

படிகளைத் திருப்பிச் சொன்னால்: நடுநிறம், பலகைக்குப் பலகை வேறுபாடு, கருங்கோடு, அதை ஒட்டிய வெளிர்க்கோடு, எல்லாவற்றையும் சேர்க்கும் கிளேஸ், இடைவெளியும் விளிம்பும்.

## எண்ணெய் வண்ணம் என்ற குறுக்குவழி

பழைய விமான மாதிரிகளின் மர உந்துவிசிறிகளைச் செய்பவர்கள் இன்னொரு முறையை நெடுநாளாகக் கையாள்கிறார்கள். வெளிர் மஞ்சள் பழுப்பை அக்ரிலிக்கில் பூசி, நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் பர்ன்ட் அம்பர் எண்ணெய் வண்ணத்தை மிகக் கொஞ்சமாகத் தடவுவார்கள். பிறகு உலர்ந்த, சற்று முரட்டுத்தனமான பிரஷால் ஒரே திசையில் இழுப்பார்கள். தலைமுடியைச் சீப்பால் வாருவது போலத்தான். பிரஷின் ஒவ்வொரு மயிரும் வண்ணத்தை விலக்கி அடியிலுள்ள வெளிர்நிறத்தைக் கோடாகக் காட்டும். ரேகை தானாக வந்துவிடும்.

அக்ரிலிக்கில் இது சரியாக வராது, நிமிடங்களில் காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணம் மணிக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். பிடிக்காவிட்டால் தின்னரால் துடைத்துவிட்டு மறுபடி இழுக்கலாம். காற்றோட்டமுள்ள இடத்தில் செய்யுங்கள். காய நாள்கணக்கில் ஆகும், அதற்குள் தொட்டுப் பார்த்தால் கைரேகைதான் மரரேகையாகும்.

## ஆணி, வெட்டுமுனை, ஈரம்

இரும்பு ஆணிக்குக் கீழே ஆரஞ்சு நிறத்தில் துரு வழிவதுபோல் வரைவது வழக்கமாகிவிட்டது. தவறில்லை, ஆனால் ஓக் போன்ற மரங்களில் டானின் என்ற பொருள் அதிகம். ஈரத்தில் இரும்பும் டானினும் சேர்ந்தால் நீலம் கலந்த கருங்கறை உண்டாகும். ஆகவே ஆணிக்குக் கீழே மெல்லிய கருங்கறை வழிந்தால் அது இன்னும் உண்மையாக இருக்கும். ஆரஞ்சை ஆணியின் தலையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மரத்தின் இழைகள் ஒரு கட்டு உறிஞ்சுகுழல்களைப் போன்றவை. நீரைப் பக்கவாட்டில் மெதுவாகவும் வெட்டுமுனை வழியே வேகமாகவும் குடிக்கும். வேலிப் பலகையின் நுனியும் உத்திரத்தின் முனையும்தான் முதலில் கருக்கும், முதலில் வெடிக்கும். அங்கே ஒரு கூடுதல் வாஷ் கொடுத்து, முனையிலிருந்து உள்ளே ஓடும் ஓரிரு விரிசல் வரையுங்கள். விரிசலும் ரேகையின் திசையில்தான் ஓடும், குறுக்கே ஓடாது.

வண்ணம் பூசிய மரமும் மரம்தான். நார்வேயில் 1880இல் தோண்டி எடுத்த கோக்ஸ்டாட் என்ற வைக்கிங் கப்பலில் இருந்த 64 கேடயங்கள் கருப்பும் மஞ்சளும் மாறிமாறிப் பூசப்பட்டவை. வைக்கிங் படை என்றால் எல்லாக் கேடயத்திலும் வெறும் மரம் தெரிய வேண்டியதில்லை. முதலில் மரத்தைத் தீட்டி, மேலே நிறத்தைப் பூசி, கிழித்த ஸ்பாஞ்சுத் துண்டால் விளிம்பில் மரநிறத்தை ஒற்றினால் உரிந்த வண்ணம் ஆகிவிடும். உரிவதும் பெரும்பாலும் ரேகையின் வழியே நீண்ட கீற்றாகத்தான், உலோகத்தில்போல் புள்ளிப் புள்ளியாக அல்ல.

ஈர மரம் கருப்பாகத் தெரியும். காய்ந்த மரத்தின் நுண்துளைகளில் இருக்கும் காற்று ஒளியைச் சிதறடிக்கிறது. அங்கே நீர் புகுந்தால் சிதறல் குறைந்து நிறம் அடர்ந்துவிடும். நனைந்த துணி கருப்பதும் இதே காரணத்தால்தான். படகுத்துறையின் தூண் என்றால் நீர்மட்டத்துக்குக் கீழே அடர்நிறம், மட்டத்தை ஒட்டி ஒரு பச்சைப் பட்டை, மேலே சாம்பல். பச்சையை நீர்த்து, இரண்டு மூன்று தரம் பூசுங்கள், ஒரே பூச்சில் வேண்டாம்.

பாதுகாப்புக்காகப் பூசும் வார்னிஷ் மினுமினுப்பாக இருந்தால் இத்தனை வேலையும் மறுபடி பிளாஸ்டிக் ஆகிவிடும். வெயிலில் காய்ந்த மரம் ஒளியைத் திருப்பி வீசாது. ஆகவே முழுவதற்கும் மேட் வார்னிஷ், மங்கலாகக் காய்வது. அது காய்ந்த பிறகு, படகுத்துறைத் தூணின் நீரில் நின்ற அடிப்பகுதிக்கு மட்டும் பளபளப்பான வார்னிஷை ஒரு தொடு தொடுங்கள்.